பாஸ்வேர்டு கேட்காத வாசல்

2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஓர் இணையச் சேவை நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் சிலரின் ரவுட்டர்கள் விசித்திரமாக நடந்துகொள்வதைக் கவனித்தது. இணைப்பு தாங்குகிற வேகம் முழுவதையும் விழுங்கிக்கொண்டு, அவை உலகின் வேறு வேறு முகவரிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாமே லிங்க்சிஸ் நிறுவனத்தின் 'இ' வரிசை ரவுட்டர்கள். சான்ஸ் இன்ஸ்டிடியூட்டின் இன்டர்நெட் ஸ்டார்ம் சென்டர் ஆய்வாளர்கள் அலசியபோது உள்ளே ஒரு கணினிப் புழு இருப்பது தெரிந்தது. அதன் நிரலுக்குள் 'தி மூன்' என்ற திரைப்படத்தின் படங்கள் கிடந்ததால், புழுவுக்கும் அதுவே பெயராயிற்று.

அது பரவிய விதத்தைப் பாருங்கள். முதலில் ஒரு ரவுட்டரைத் தொடர்புகொண்டு, நீ என்ன மாடல் என்று கேட்கும். ரவுட்டர் தன் மாடலையும், தனக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பையும் மறைக்காமல் சொல்லிவிடும். தனக்கு வேண்டிய மாடல்தான் என்று தெரிந்ததும், ரவுட்டருக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஸ்கிரிப்டுக்குக் கட்டளை அனுப்பும். கூடவே 'அட்மின்' என்ற பயனர் பெயரையும் ஏதோ ஒரு பாஸ்வேர்டையும் சேர்த்து அனுப்பும். அந்தப் பாஸ்வேர்டு சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்கிக்கொண்ட ஸ்கிரிப்ட் அதைச் சரிபார்க்கவே இல்லை. வீட்டுக்காரர் முப்பது எழுத்துகளில் யாராலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வைத்திருந்தாலும், 'அட்மின்' என்றே விட்டுவைத்திருந்தாலும், புழுவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ரவுட்டர் பாதுகாப்பு என்றதும் நமக்கு எல்லோரும் சொல்லித்தரும் முதல் பாடம் பாஸ்வேர்டை மாற்று என்பது. தேவையான பாடம்தான், நானும் அதைச் செய்யச் சொல்கிறேன். ஆனால் பாஸ்வேர்டைக் கேட்காத வாசல் ஒன்று ரவுட்டரில் இருந்தால் அந்தப் பாடம் அங்கே செல்லாது. மென்பொருள் பலவீனங்களுக்கு எண்ணிட்டுப் பட்டியல் பராமரிக்கும் மைட்டர் அமைப்பு இந்தக் குறைக்கு 306 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறது: முக்கியமான ஒரு செயலுக்கு, கேட்பவர் யார் என்ற சோதனை இல்லாமை.

இத்தனை பெரிய குறை எப்படி ஏற்படுகிறது? அதைப் புரிந்துகொள்ள ரவுட்டரின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

அநேகமாக எல்லா வீட்டு ரவுட்டருக்குள்ளும் ஒரு சிறிய வெப் சர்வர் ஓடுகிறது. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் வரும் பக்கங்களைத் தருவது அதுதான். முதலில் லாகின் பக்கம் வருகிறது; பாஸ்வேர்டு கொடுத்தபின் மற்றப் பக்கங்கள் திறக்கின்றன. இதனால் லாகின் பக்கத்தைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது என்ற எண்ணம் நமக்கு வருகிறது. நிஜத்தில் அப்படி ஒரு வரிசை கிடையாது. வெப் இயங்கும் எச்டிடிபி நெறிமுறையில் ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனி. முந்தைய கோரிக்கையை அனுப்பியவரா இப்போது வந்திருக்கிறார் என்பது சர்வருக்குத் தானாகத் தெரியாது. வைஃபை பெயரை மாற்றுவது, ரவுட்டரை அணைத்துப் போடுவது, அமைப்புகள் அனைத்தையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்வது என ஒவ்வொரு செயலுக்கும் தனி முகவரி உண்டு. அந்த முகவரி தெரிந்தவர் லாகின் பக்கத்தைப் பார்க்காமலேயே நேராக அதைக் கேட்கலாம். கேட்பவர் உரியவரா என்று ஒவ்வொரு செயலின் தொடக்கத்திலும் சோதிப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. நூறு செயல்களில் தொண்ணூற்றொன்பதில் அந்தச் சோதனையை எழுதி, ஒன்றே ஒன்றில் விட்டுவிட்டால் போதும்.

விடுபடுவதற்குக் காரணங்கள் பல. தொழிற்சாலையில் சோதனைக்காக வைத்த ஒரு செயல் விற்பனைக்கு வரும்போது நீக்கப்படாமல் தங்கிவிடும். இது வீட்டுக்குள்ளிருந்து மட்டும்தானே கேட்கப்படும் என்று நம்பி எழுதிய ஒன்று, பிறகு வேறொருவர் செய்த மாற்றத்தால் வெளியுலகுக்குத் திறந்துவிடும். இவற்றையெல்லாம்விடக் கற்றுக்கொள்ளத் தகுந்த காரணம் ஒன்று உண்டு. லாகின் பக்கத்தில் நிறுவனத்தின் லோகோ தெரிய வேண்டும், எழுத்தும் நிறமும் ஒழுங்காக வர வேண்டும். அந்தப் படங்களையும் வடிவமைப்புக் கோப்புகளையும் லாகின் செய்யாதவருக்கும் தந்தாக வேண்டும். எனவே, படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் கேட்டால் சோதிக்காமல் கொடுத்துவிடு என்று ஒரு விலக்கு எழுதுவார்கள். ஓட்டை விழுவது பல நேரம் அந்த விலக்கில்தான்.

2018-இல் டாசன் நிறுவனத்தின் ஃபைபர் ரவுட்டர்களில் வெளிப்பட்ட குறை இதற்கு அப்பட்டமான உதாரணம். அந்த நிரல், கேட்கப்படும் முகவரியில் 'இமேஜஸ்' என்ற ஃபோல்டர் பெயர் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. எந்த நிர்வாகப் பக்கத்தின் முகவரியாக இருந்தாலும், கடைசியில் ஒரு கேள்விக்குறியும் அந்தச் சொல்லும் ஒரு சாய்கோடும் ஒட்டிவிட்டால், படம்தானே கேட்கிறார் என்று நினைத்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்துவிட்டது. இணையத்திலிருந்து நேரடியாகத் தொடக்கூடிய நிலையில் அப்படிப்பட்ட ரவுட்டர்கள் 10 லட்சத்துக்கும் மேல் இருந்தன. உள்ளே போனபின் எந்தக் கட்டளையையும் ஓடவைக்க இன்னொரு குறையும் துணையாக இருந்தது. செய்தி வெளியான சில நாட்களிலேயே பிடிபட்ட கருவிகளைப் படையாகத் திரட்டும் பல பாட்நெட் கும்பல்கள் இவற்றைப் பிடிக்கப் போட்டி போட்டன.

மூன்றாண்டு கழித்து ஏறத்தாழ இதே தவறு வேறு உருவில் வந்தது. டெனபிள் நிறுவனத்தின் ஆய்வாளர் இவான் கிராண்ட் ஜப்பானின் பஃபலோ பிராண்ட் ரவுட்டர் ஒன்றை ஆராய்ந்தார். படங்களின் ஃபோல்டரைக் கேட்பதுபோல் தொடங்கி, அங்கிருந்து ஒரு படி மேலே ஏறு என்ற குறியீட்டைச் சேர்த்தால், பாஸ்வேர்டு இல்லாமல் நிர்வாகப் பக்கங்களுக்குப் போக முடிந்தது. தேடிக்கொண்டே போனபோது, அந்த நிரல் பஃபலோ எழுதியதல்ல, தைவானின் ஆர்கேடியன் நிறுவனம் எழுதியது என்று தெரிந்தது. ஆர்கேடியன் பல பிராண்டுகளுக்கு ரவுட்டர் செய்து கொடுக்கும் நிறுவனம். 17 நிறுவனங்களின் பெயரில் விற்ற குறைந்தது 20 மாடல்களில் அதே ஓட்டை இருந்தது. குறைந்தது பத்தாண்டுகளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி விவரம் வெளியானது. 5-ஆம் தேதியே தாக்குதல்கள் தொடங்கிவிட்டதாக ஜூனிப்பர் நிறுவனம் பதிவு செய்தது. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நம்பி ரவுட்டர் வாங்குபவர், உள்ளே இருப்பது யாருடைய நிரல் என்று அறிய வழியே இல்லை என்பது என்னை மிகவும் உறுத்தும் விஷயம்.

என் ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வீட்டுக்குள்ளிருந்து மட்டும்தான் திறக்கும், பிறகென்ன பயம் என்று ஒருவர் கேட்கலாம். பதிலுக்கு முன், உள்ளே புகுந்தவர் என்ன செய்ய முடியும் என்பதை 2011-இல் பிரேசிலில் நடந்ததிலிருந்து பார்ப்போம். அங்கே ஆறு நிறுவனங்களின் ஏடிஎஸ்எல் மோடங்களில் ஒரு குறை இருந்தது. அதன் வழியாக நிர்வாகப் பாஸ்வேர்டையே வெளியே எடுக்க முடிந்தது. மோடத்துக்குள் புகுந்தவர்கள் அதன் டிஎன்எஸ் அமைப்பை மாற்றினார்கள். நாம் பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரை அடிக்கும்போது அதை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் சர்வர். அது திருடனின் கையில் இருந்தால், கூகுளின் பெயரைச் சரியாக அடித்தாலும் போய்ச் சேருவது திருடன் கட்டிய பக்கத்துக்குத்தான். மக்கள் கூகுள், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போனதாக நினைத்து, வங்கித் தகவல் திருடும் மென்பொருளைத் தங்கள் கணினியில் தாங்களே நிறுவிக்கொண்டார்கள். பிரேசிலின் கணினி அவசரநிலைக் குழு கணக்கிட்டபடி 45 லட்சம் மோடங்கள் இப்படி மாற்றப்பட்டிருந்தன. காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் ஃபேபியோ அசோலினி 2012-இல் இந்தக் கதையை விரிவாக வெளிக்கொண்டுவந்தார்.

வீட்டுக்குள்ளிருந்து மட்டும் திறக்கும் ரவுட்டரை வெளியாள் தொடும் வழி நம் பிரவுசர்தான். நாம் பார்க்கும் ஏதோ ஒரு வெப் பக்கத்தில் மறைத்து வைத்த ஒரு வரி, 192.168.1.1-க்கு இந்தக் கோரிக்கையை அனுப்பு என்று நம் பிரவுசருக்குச் சொல்லும். பிரவுசர் நம் வீட்டு வலைக்குள் இருப்பதால், கோரிக்கை வீட்டுக்குள்ளிருந்தே வந்ததாக ரவுட்டர் எடுத்துக்கொள்ளும். அந்தச் செயலுக்குப் பாஸ்வேர்டு சோதனையும் இல்லையென்றால் வேலை முடிந்தது. பிரவுசர் நிறுவனங்கள் இதைத் தடுக்க நெடுநாள் தயங்கின. 2025 இறுதியில்தான் குரோம், வெளியிலிருந்து வரும் ஒரு தளம் உங்கள் வீட்டு வலையில் இருக்கும் கருவிகளைத் தொட முயன்றால் அனுமதி கேட்கத் தொடங்கியது. அப்படி ஒரு கேள்வி திரையில் வந்தால், காரணம் தெளிவாகத் தெரியாதவரை மறுத்துவிடுங்கள்.

வேலையை இன்னும் சுருக்கமாக முடித்துவிடும் ஓட்டைகளும் உண்டு. டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஏ855ஆர்இ என்ற வைஃபை எக்ஸ்டெண்டரின் ஐந்தாம் பதிப்பில் 2020-இல் கண்டறிந்த குறை அப்படிப்பட்டது. அதே வைஃபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு இல்லாமல் அதற்கு ஃபேக்டரி ரீசெட் கட்டளை கொடுக்கலாம். ரீசெட் ஆன கருவி புதிய நிர்வாகப் பாஸ்வேர்டு கேட்கும். முதலில் வைப்பவரே அதன் உரிமையாளர். உண்மையில் தாக்குதலுக்குப் பயன்படும் குறைகளின் பட்டியலில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா இதைச் சேர்த்தது 2025 செப்டம்பரில். ஐந்தாண்டு பழைய ஓட்டை அப்போதும் உயிரோடுதான் இருந்தது.

வீட்டுக்காரர் கைக்கு எட்டாத குறையும் உண்டு. 2016 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணையமும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஒருசேரப் போயின. அதே மாதத் தொடக்கத்தில், அயர்லாந்தில் ஒரு நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த மோடத்தில் ஒரு குறை வெளியாகியிருந்தது. சேவை நிறுவனங்கள் தொலைவிலிருந்து மோடத்தைப் பராமரிக்க 7547 என்ற போர்ட்டை, அதாவது எண்ணிட்ட ஒரு வலை வாசலை, திறந்து வைப்பது வழக்கம். வீட்டுக்குள்ளிருந்து மட்டும் பயன்பட வேண்டிய டிஆர்-064 என்ற அமைப்பு முறை, அந்த மோடத்தில் தவறுதலாக இந்தப் போர்ட்டின் வழியே உலகத்துக்கே கிடைத்தது. எந்த அடையாளமும் கேட்காமல். மோடம் மணி கேட்க வேண்டிய நேர சர்வரின் பெயரை மாற்றும் வசதி அதில் இருந்தது. பெயருக்குப் பதில் அங்கே ஒரு கட்டளையை எழுதினால், மோடம் அதை அப்படியே நிறைவேற்றியது. மிராய் என்ற பாட்நெட்டின் ஒரு கிளை இதைக் கையிலெடுத்து, இணையத்தில் 7547 திறந்திருந்த முகவரிகளையெல்லாம் தட்டத் தொடங்கியது.

ஜெர்மனியின் ரவுட்டர்களில் அந்தக் குறை இல்லை என்று பாதுகாப்பு ஆய்வாளர் ரால்ஃப்-பிலிப் வைன்மான் சோதித்துக் காட்டினார். அவற்றுக்குள் புழு நுழைய முடியவில்லை; ஓயாமல் வந்த தட்டல்களைத் தாங்காமல்தான் அவை திணறி விழுந்தன. ஓட்டை இல்லாத வீடுகளும் இருண்டதற்குக் காரணம், சேவை நிறுவனத்துக்கு மட்டும் திறந்திருக்க வேண்டிய போர்ட் எல்லோருக்கும் திறந்திருந்ததுதான். தாக்கிய பிரித்தானியர் ஒருவர் 2017 பிப்ரவரியில் லூட்டன் விமான நிலையத்தில் பிடிபட்டு, கொலோன் நகர நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் குறிவைத்தது ஜெர்மனியை அல்ல. லைபீரியாவில் ஒரு தொலைபேசி நிறுவனத்தைத் தாக்கக் கூலி வாங்கிக்கொண்டு, அதற்குப் படை திரட்டிக்கொண்டிருந்தார். இடையில் அகப்பட்டவை 9 லட்சம் வீடுகள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சோதனை இல்லாத செயல் எது என்று நமக்குத் தெரியாது; தயாரித்தவருக்கே தெரியாமல் பத்தாண்டு இருந்த கதையைப் பார்த்தோம். ஆகவே நாம் செய்யக்கூடியது, அந்த வாசலை எட்டும் வழிகளைக் குறைப்பது. தி மூன் பரவியபோது லிங்க்சிஸ் சொன்ன விளக்கம் இதை நன்றாகக் காட்டுகிறது: ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற வசதியை இயக்கி வைத்திருந்த ரவுட்டர்களில் மட்டுமே அந்தப் புழுவால் நுழைய முடிந்தது. நிரலில் குறை எல்லாவற்றிலும் இருந்தும், வெளியுலகுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்தவை தப்பின. இன்றைக்கே உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் இதைத் தேடுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட், ரிமோட் அட்மினிஸ்ட்ரேஷன், வான் (வெளி இணையப்) பக்க வெப் அக்சஸ் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். வீட்டிலிருந்து தொலைவில் இருக்கும்போது ரவுட்டரின் அமைப்பை மாற்ற வேண்டிய தேவை நம்மில் அநேகமாக யாருக்கும் வருவதில்லை.

ரவுட்டரில் யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கைச் செருகி, அதை வெளியிலிருந்து பார்க்கும் வசதியையும் இதோடு சேர்த்து அணையுங்கள். ஆசுஸ் ரவுட்டர்களில் இதற்கென இருக்கும் ஏஐகிளவுட் வசதியில் ஒரு குறிப்பிட்ட முகவரியைக் கேட்டாலே லாகின் பக்கம் விலகிவிடும் நிலை இருந்தது. ஆசுஸ் ரவுட்டர்களில் இருந்த இது போன்ற குறைகளின் வழியே, 2014 பிப்ரவரியில் 12,900-க்கும் மேற்பட்டவர்களின் சேமிப்புக் கருவிகளுக்குள் அந்நியர்கள் நுழைந்தார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி வழக்கை எடுத்து, 20 ஆண்டுகளுக்குச் சுயேச்சையான பாதுகாப்புத் தணிக்கைக்கு ஆசுஸை 2016-இல் ஒப்புக்கொள்ள வைத்தது. அணைக்க வேண்டிய இன்னொன்று யுபிஎன்பி என்ற வசதி; அது வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலே வெளியே ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ள விடுகிறது. ஆன்லைன் விளையாட்டு ஏதாவது தடைபட்டால் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். அதுவரை அணைந்தே இருக்கட்டும்.

வீட்டுக்குள்ளிருந்து வரும் ஆபத்துக்கு கெஸ்ட் வைஃபை நல்ல தடுப்பு. விருந்தினரின் போன், டிவி, சிசிடிவி கேமரா, விலை மலிந்த ஸ்மார்ட் பல்பு எல்லாவற்றையும் அதில் போடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் கெஸ்ட் வைஃபையில் இருப்பவர் நிர்வாகப் பக்கத்தைத் தொட முடியாது. அவ்வப்போது டிஎன்எஸ் பகுதியையும் பாருங்கள். அங்கே 'தானாகப் பெறு' என்றோ, நீங்களே வைத்த எண்ணோ இருக்க வேண்டும். சேவை நிறுவனமும் வைக்காத, முன்பின் தெரியாத எண் இருந்தால் யாரோ உள்ளே வந்து போயிருக்கக்கூடும்.

அப்படிச் சந்தேகம் வந்தால் ரவுட்டரை அணைத்துப் போடுவது மட்டும் போதாது. நினைவகத்தில் மட்டும் தங்கும் நச்சு நிரல்கள் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும், உண்மைதான். ஆனால் ஓட்டை அப்படியே இருப்பதால் மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஃபேக்டரி ரீசெட் செய்து, புதிய ஃபர்ம்வேரை ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றி, ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்த பிறகே பழையபடி பயன்படுத்துங்கள். பழைய அமைப்புகளை பேக்கப் கோப்பிலிருந்து மீட்டெடுக்காதீர்கள். திருடன் மாற்றியதும் அதோடு திரும்பி வரலாம்.

இத்தனையும் செய்தபின்னும் ஓட்டையை உண்மையிலேயே அடைப்பது ஒன்றுதான்: தயாரிப்பாளர் தரும் ஃபர்ம்வேர் அப்டேட். தானியங்கி அப்டேட் வசதி இருந்தால் அதை இயக்கிவையுங்கள். தமிழ்நாட்டில் பல வீடுகளில் ரவுட்டர் ஃபைபர் நிறுவனம் கொடுத்தது. அமைப்புப் பக்கத்தின் முழு உரிமையும் அவர்களிடம்தான். பொருத்த வரும் ஊழியரிடம் நிர்வாகப் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குங்கள். ஃபர்ம்வேரை யார் புதுப்பிப்பார்கள், பராமரிப்புப் போர்ட் அவர்களுடைய சர்வருக்கு மட்டும்தான் திறந்திருக்கிறதா என்று வாடிக்கையாளர் சேவையில் எழுத்தில் கேளுங்கள். கேட்பவர் கூடினால்தான் பதில் சொல்ல ஆள் வைப்பார்கள்.

அப்டேட் நின்றுபோன ரவுட்டர்தான் இந்தக் கதையில் மிக மோசமான நிலையில் இருப்பது. தி மூன் 2014-உடன் ஒழிந்துவிடவில்லை. அதன் புதிய வடிவங்கள் 2024 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் 88 நாடுகளில் 40,000 கருவிகளைப் பிடித்து வைத்திருந்ததாக லூமென் நிறுவனத்தின் பிளாக் லோட்டஸ் ஆய்வகம் கண்டறிந்தது. மார்ச் முதல் வாரத்தில் 72 மணி நேரத்துக்குள் 6,000-க்கும் மேற்பட்ட ஆசுஸ் ரவுட்டர்கள் விழுந்தன. பிடிபட்ட ரவுட்டர்களைக் குற்றவாளிகள் வாடகைக்கு விடுகிறார்கள். வாடகைக்கு எடுத்தவன் எங்கோ இருந்து செய்யும் மோசடி, உங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்து செய்ததாகப் பதிவாகும். 2025 மே மாதம் எஃப்பிஐ வெளியிட்ட எச்சரிக்கை, ஆதரவு முடிந்துபோன பழைய ரவுட்டர் மாடல்களைப் பெயர் சொல்லி, அவற்றை மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டது. தி மூன் தொற்றுவதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை என்பதையும் அது வெளிப்படையாகச் சொன்னது.

ரவுட்டர் கெட்டுப்போனால் மாற்றுகிறோம்; ஒழுங்காக ஓடும் ரவுட்டரை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அந்தச் செலவை வாங்கியவர் தலையில் கட்டுவது அநியாயம் என்பதே என் கருத்து. எத்தனை ஆண்டு அப்டேட் தருவோம் என்று விற்கும்போதே சொல்லும் கடமை தயாரிப்பாளருக்கு இருக்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அது சட்டம்: எல்லாப் பெட்டிக்கும் பொதுவான, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு கூடாது, அப்டேட் கிடைக்கும் காலத்தை வெளியிட வேண்டும். சிங்கப்பூரில் 2021 முதல் விற்பனைக்கு வரும் வைஃபை ரவுட்டர்கள் அரசின் பாதுகாப்பு முத்திரை பெற்றாக வேண்டும். இதே நோக்கில் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக அமலாகிறது. நம் ஊர்க் கடைகளிலும் ரவுட்டர் பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்திலேயே, அப்டேட் நிற்கும் தேதி அச்சாக வேண்டும். மருந்துக்குக் காலாவதி தேதி கேட்கும் நாம் இதற்கும் கேட்க வேண்டும்.

அதுவரை தேடிப் பார்க்கும் வேலை உங்களுடையது. ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் மாடல் எண்ணையும் அதன் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலின் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து, கடைசி ஃபர்ம்வேர் எந்த ஆண்டு வந்தது, ஆதரவு முடிந்ததாக அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். முடிந்திருந்தால், புதியது வாங்கும் செலவை அடுத்த மாதக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பழையதை யாருக்கும் கொடுத்துவிடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் சேருங்கள்.